‘நலம் விசாரிக்கத்தான் வந்தேன்’: தலைவர்களுக்கு உடம்பு சரியில்லாதபோது மற்ற தலைவர்கள் என்ன செய்கிறார்கள்? தேனி சொல்லும் கதை

2025 ஜூலை 31. ஒரே நாளில் ஓ.பன்னீர்செல்வம் இரண்டு முறை முதல்வர் மு.க.ஸ்டாலினைச் சந்தித்தார். காலையில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில், நடைப்பயிற்சியின்போது. மாலையில் முதல்வரின் வீட்டுக்கே போய். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு விஷயமும் நடந்தது: தேசிய ஜனநாயகக் கூட்டணியிலிருந்து விலகுவதாக ஓ.பி.எஸ். தரப்பு அறிவித்தது.

ஸ்டாலின் அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். ஜூலை 21 காலை நடைப்பயிற்சியில் தலைசுற்றல் ஏற்பட்டு அப்போலோவில் சேர்க்கப்பட்டவர், 27-ம் தேதி டிஸ்சார்ஜ் ஆனார். அவருடைய அண்ணன் மு.க.முத்து காலமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உடல்நலம் விசாரிக்கவும், துக்கம் கேட்கவும்தான் போனேன், இதில் அரசியல் இல்லை என்றார் ஓ.பி.எஸ். தே.மு.தி.க.வின் பிரேமலதா விஜயகாந்தும் அதே நாளில் போய் முதல்வரைப் பார்த்தார். அவரும் நலம் விசாரிக்கத்தான்.

அன்று இரவு டி.வி. விவாதங்களில் ‘நலம்’ பற்றி யாரும் பேசவில்லை. கூட்டணிக் கணக்குதான் ஓடியது.

இதில் ஓ.பி.எஸ்.ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் யார் வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்த்தான் ஆகணும். வாய்க்கால் தகராறில் பத்து வருஷம் பேசாத பங்காளிகூட, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தால் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய் நிற்பார். அந்த ஒரு சந்திப்பில் பழைய பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கினால், ஊரில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அரசியல்வாதிகளும் அதே ஊர்க்காரர்கள்தானே.

ஆனால், முதல்வர் நாற்காலியில் இருப்பவருக்கே உடம்பு முடியாமல் போகும்போது பார்க்க வேண்டியது எதிர்க்கட்சிக்காரர் என்ன சொன்னார் என்பதை அல்ல. சொந்தக் கட்சிக்காரர்கள் என்ன சொன்னார்கள், என்ன சொல்லாமல் விட்டார்கள் என்பதைத்தான். தமிழ்நாட்டில் எதிரிகள் பெரும்பாலும் கண்ணியமாகவே நடந்துகொண்டிருக்கிறார்கள். சிக்கல் வந்ததெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களால்தான். இந்தக் கதை தெளிவாகத் தெரிகிற மாவட்டம் தேனி.

ஆண்டிபட்டிக்கு வராத வேட்பாளர்

1984 அக்டோபர் 5. முதல்வர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழப்பு, பிறகு பக்கவாதம். பிரதமர் இந்திரா காந்தி சென்னைக்கே வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார். அதே மாதம் 31-ம் தேதி இந்திரா கொல்லப்பட்டார். நவம்பர் 5-ம் தேதி எம்.ஜி.ஆர். தனி விமானத்தில் அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டு, நியூயார்க் புரூக்ளினில் உள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

டிசம்பர் 24-ல் தேர்தல். எம்.ஜி.ஆர். போட்டியிட்ட தொகுதி ஆண்டிபட்டி. வேட்பாளர் ஒருநாள்கூடத் தொகுதிக்கு வரவில்லை. வர முடியாத நிலை. ஆனால் அவருடைய முகம் வந்தது. மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருப்பது, சாப்பிடுவது, பேப்பர் பார்ப்பது எல்லாம் வீடியோவாக எடுக்கப்பட்டு, ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. இன்றைய ரீல்ஸுக்கு முன்னோடி என்று சொல்லலாம். அந்தக் காலத்து வி.சி.ஆர். கேசட்டில். ஆண்டிபட்டியில் அவர் ஜெயித்தார், அ.தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. 1985 பிப்ரவரி 4-ல் நாடு திரும்பியவர், 10-ம் தேதி பதவியேற்றார்.

தி.மு.க. தலைவர் கருணாநிதி என்ன செய்தார்? கடவுள் மறுப்புப் பாசறையில் வளர்ந்தவர், ‘முரசொலி’யில் ‘நானும் பிரார்த்திக்கிறேன்’ என்று எழுதினார். நாற்பது வருட நண்பர் என்று எம்.ஜி.ஆரைச் சொன்னார். பிரச்சாரத்தில் ஒரு படி மேலே போய், எங்களுக்கு வாக்களியுங்கள், எம்.ஜி.ஆர். குணமாகி வந்தால் ஆட்சியை அவரிடமே ஒப்படைத்துவிடுகிறோம் என்ற அளவுக்குப் பேசினார். உருக்கம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு வாதமும் இருந்தது: இப்போது ஆள்வதற்கு அவரால் முடியாது என்பது. அனுதாப வார்த்தையில் பொதிந்து கொடுத்த அரசியல் கேள்வி அது. மக்கள் அதை ஏற்கவில்லை. கேள்வி மட்டும் தப்பானதல்ல.

1984-ல் இன்னொரு விஷயம் ஒழுங்காக நடந்தது. முதல்வர் இல்லாதபோது அரசு வேலைகளை யார் பார்க்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது: நிதியமைச்சர் இரா.நெடுஞ்செழியன். அண்ணா 1969 பிப்ரவரி 3-ல் புற்றுநோயால் இறந்தபோதும், எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-ல் இறந்தபோதும் தற்காலிக முதல்வராக இருந்தவர் இவரே. ஒவ்வொரு முறையும் சில நாட்களில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். இதே நெடுஞ்செழியன் 1991-ல் சட்டமன்றத்துக்குத் தேர்வான தொகுதி எது தெரியுமா? தேனி. அப்புறம் 2001, 2014, 2016 என மூன்று முறை இடைக்கால நாற்காலியில் உட்கார்ந்த ஓ.பி.எஸ். பெரியகுளத்துக்காரர். இடத்தைக் காப்பாற்றித் தருகிற வேலைக்கும் இந்த மாவட்டத்துக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது போல.

75 நாட்கள்: காய்ச்சல் முதல் கைரேகை வரை

2016 செப்டம்பர் 22 இரவு, ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். 2002-லும் 2006-லும் ஆண்டிபட்டியில் ஜெயித்தவர். அவருக்காக அந்தத் தொகுதியை ராஜினாமா செய்து கொடுத்தவர் தங்க தமிழ்ச்செல்வன். எனவே தேனி மாவட்ட அ.தி.மு.க.வினருக்கு இது வேறெங்கோ நடக்கிற செய்தி இல்லை.

முதல் அறிக்கை: காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு. கொள்கை வேறுபாடு இருந்தாலும் விரைவில் குணமாக வேண்டும் என்று கருணாநிதி உடனே வாழ்த்துச் சொன்னார். பிரதமர் மோடி பூங்கொத்து அனுப்பினார். அக்டோபரில் ராகுல் காந்தி, அமித் ஷா, அருண் ஜெட்லி, வைகோ, திருமாவளவன் என வரிசையாக வந்தார்கள். அக்டோபர் 8-ல் எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலினே வந்தார். வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: மருத்துவர்களிடம் பேசினோம், நலமாக இருக்கிறார். அவரையே பார்த்தோம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வெளியே கட்சிக்காரர்கள் மண் சோறு சாப்பிட்டார்கள், பால் குடம் எடுத்தார்கள், அலகு குத்திக்கொண்டார்கள். உள்ளேயிருந்து வந்த செய்தி தினமும் நல்ல செய்திதான். சாப்பிடுகிறார், பேசுகிறார், பேப்பர் படிக்கிறார்.

செப்டம்பர் இறுதியில் கருணாநிதி, ஒரு போட்டோவையாவது வெளியிடுங்கள் என்று கேட்டார். ‘இது மனிதாபிமானமா?’ என்று ஆளுங்கட்சித் தரப்பு பாய்ந்தது. உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட பொதுநல வழக்கு, விளம்பரத்துக்காகப் போடப்பட்டது என்று தள்ளுபடியானது. சமூக வலைதளத்தில் வதந்தி பரப்பியதாக 40-க்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன, சிலர் கைதானார்கள். தகவல் தர வேண்டியவர்கள் தரவில்லை. அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்பியது. வழக்கு ஃபார்வர்டு செய்தவர் மேல் பாய்ந்தது.

அக்டோபர் 11-ல் ஆளுநர் வித்யாசாகர் ராவ், முதல்வர் வசமிருந்த துறைகளை ஓ.பி.எஸ்.ஸிடம் ஒப்படைத்தார். முதல்வரின் ஆலோசனைப்படி இது செய்யப்பட்டதாக ராஜ்பவன் அறிவிப்பு சொன்னது. யாராலும் பார்க்க முடியாத நிலையில் இருப்பவர் எப்போது, எப்படி ஆலோசனை சொன்னார் என்று கருணாநிதி கேட்டார். இன்றுவரை அது நல்ல கேள்விதான். அக்டோபர் 19-ல் ஓ.பி.எஸ். தலைமையில் அமைச்சரவைக் கூட்டம் நடந்தது. மேஜை மேல் ஜெயலலிதாவின் படம் வைக்கப்பட்டிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த 75 நாட்களிலேயே விசித்திரமான விஷயம். தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் மூன்றுக்கும் நவம்பர் 19-ல் வாக்குப்பதிவு. அ.தி.மு.க. வேட்பாளர்களுக்குச் சின்னம் ஒதுக்கும் படிவங்களில் பொதுச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்குப் பதில் இடது கட்டைவிரல் ரேகை இருந்தது. தொண்டையில் துளையிட்டுச் சுவாசக்குழாய் பொருத்தும் டிரக்கியாஸ்டமி சிகிச்சை நடந்திருப்பதாகவும், வலது கை வீங்கியிருப்பதாகவும் சாட்சிக் கையெழுத்திட்ட மருத்துவர் அதில் குறிப்பிட்டிருந்தார். அதாவது, முதல்வருக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்பது பெரும்பாலான மக்களுக்குத் தெரிய வந்தது தேர்தல் படிவம் வழியாக. அது அவர்களுக்காக எழுதப்பட்ட தகவல்கூட இல்லை. இரட்டை இலைச் சின்னம் கிடைப்பதற்காக எழுதப்பட்டது.

பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கைரேகையை ஏற்க முடியாது என்று சொல்லி, திருப்பரங்குன்றத்தில் ஏ.கே.போஸ் பெற்ற வெற்றியை ரத்து செய்தது. தீர்ப்பு வந்தது 2019 மார்ச்சில். போஸ் 2018 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார்.

நவம்பரில், அவர் குணமாகிவிட்டார், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவமனைத் தலைவரே சொன்னார். டிசம்பர் 4 மாலை, மாரடைப்பு என்று அறிவிப்பு வந்தது. 5-ம் தேதி இரவு 11.30-க்கு மரணம். நள்ளிரவு தாண்டி, 6-ம் தேதி அதிகாலையிலேயே ஓ.பி.எஸ். முதல்வராகப் பதவியேற்றார்.

அடுத்த சில வாரங்களில் அ.தி.மு.க. ஒரு பட்டியலை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. தலைவியின் மரணச் செய்தி கேட்டு அதிர்ச்சியில் இறந்தவர்கள். எண்ணிக்கை நூறுகளைத் தாண்டியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ‘இட்லி சாப்பிட்டார்’ என்ற செய்தியிலிருந்து நேராக ‘இறந்துவிட்டார்’ என்ற செய்திக்கு இறக்கிவிடப்பட்டவர்கள் தொண்டர்கள். மெல்ல மெல்லத் தெரிவித்திருந்தால் அவர்களால் கொஞ்சமாவது தயாராகியிருக்க முடியும். ஒரு குடும்பத்தில் பெரியவர் ஐ.சி.யூ.வில் இருந்தால், டாக்டர் நம்மை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்வது அதற்காகத்தானே?

இட்லிக்கு மன்னிப்பு

2017 செப்டம்பரில், வனத்துறை அமைச்சராக இருந்த திண்டுக்கல் சீனிவாசன் மதுரை பொதுக்கூட்டத்தில் உடைத்துப் பேசினார். அம்மா இட்லி சாப்பிட்டார், சட்னி சாப்பிட்டார் என்று சொன்னதெல்லாம் பொய், நாங்கள் யாரும் பார்க்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றார். மீம் போடுகிறவர்களுக்குத் தீபாவளி. ஆனால் அந்த 75 நாட்களைப் பற்றி ஓர் அமைச்சர் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டது அரிது. கிண்டலுக்கு நடுவே அது கவனிக்கப்படாமலே போனது. உடனே இன்னொரு அமைச்சர் செல்லூர் ராஜு, நாங்கள் பார்த்தோம் என்று மறுத்தார். ஒரே அமைச்சரவை, இரண்டு வாக்குமூலம்.

ஓ.பி.எஸ். 2017 பிப்ரவரி 7-ல் மெரினா நினைவிடத்தில் தியானம் செய்துவிட்டு, கட்சித் தலைமைக்கு எதிராகக் கிளம்பினார். தினமும் மருத்துவமனைக்குப் போனேன், ஒரு நாளும் அவரைப் பார்க்க விடவில்லை என்றார். மரணத்தில் சந்தேகம் என்று விசாரணை கேட்டார். கேட்டது நியாயம். ஆனால் அந்த நாட்களில் முதல்வரின் துறைகள் அவர் கையில் இருந்தன, அமைச்சரவைக் கூட்டத்தை அவர்தான் நடத்தினார். பார்க்க விடவில்லை என்பதை அப்போதே ஒரு வரி சொல்லியிருக்கலாம். பிப்ரவரியில் சொன்னபோது அது தகவலாக வரவில்லை, ஆயுதமாக வந்தது.

அவர் கேட்டபடி விசாரணை ஆணையமும் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஆறுமுகசாமி தலைமையில் 2017 செப்டம்பரில் அமைக்கப்பட்டு, பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2022-ல்தான் அறிக்கை கொடுத்தது. ஓ.பி.எஸ். அதன் முன் ஆஜரானது 2022 மார்ச்சில். பல கேள்விகளுக்கு அவர் பதில் ‘எனக்குத் தெரியாது’. அக்டோபர் 18-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை, சசிகலா உள்ளிட்ட சிலரை விசாரிக்கச் சொன்னது. சசிகலா குற்றச்சாட்டுகளை மறுத்தார். இன்னொரு பக்கம், உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைக்கப்பட்ட எய்ம்ஸ் மருத்துவர்கள் குழு, சிகிச்சையில் தவறில்லை என்று சொல்லியிருந்தது. இப்போது இரண்டு ஆவணங்களும் இருக்கின்றன. யார் எதை நம்ப விரும்புகிறார்களோ அதை நம்பலாம் என்கிற நிலை.

இடையில் 2017 டிசம்பர் 20-ல், ஜெயலலிதா மருத்துவமனையில் பழச்சாறு குடிக்கும் வீடியோ ஒன்றை தினகரன் அணியின் வெற்றிவேல் வெளியிட்டார். அடுத்த நாள் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். உயிரோடு இருந்தபோது ஒரு போட்டோ கேட்டவர்களிடம், ‘பெண்மணி, தனியுரிமை, மனிதாபிமானம்’ என்றெல்லாம் சொல்லப்பட்டதை வாசகர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

கோபாலபுரத்துக்குப் போனவர்கள், மெரினாவில் நின்றவர்கள்

2018 ஜூலையில் கருணாநிதிக்கு உடல்நலம் மோசமானது. துணை முதல்வராக இருந்த ஓ.பி.எஸ். சில அமைச்சர்களோடு 26-ம் தேதி இரவே கோபாலபுரம் போனார். 30-ம் தேதி முதல்வர் பழனிசாமியும் அவரும் காவேரி மருத்துவமனைக்குப் போய் விசாரித்தார்கள். ஜெயலலிதாவும் கருணாநிதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே தயங்கிய காலத்தை நினைத்தால், இது பெரிய மாற்றம். குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு வந்தபோது, படுக்கையில் இருந்த கருணாநிதியின் படமும் வெளியானது. 2016-ன் பாடத்தைத் தி.மு.க. படித்திருந்தது தெரிந்தது. அவர் அப்போது பதவியில் இல்லை என்பதால் இது சுலபமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 7-ல் கருணாநிதி இறந்தார். மெரினாவில் அண்ணா சமாதி அருகே இடம் கேட்டபோது, அதே அரசு மறுத்து, காந்தி மண்டபம் பக்கம் இடம் தருகிறோம் என்றது. இரவோடு இரவாக நீதிமன்றத்தில் விசாரணை நடந்து, மறுநாள் காலை உத்தரவு வந்த பிறகே மெரினா கிடைத்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் கேமரா முன் காட்டிய அக்கறைக்கு, ஒரு முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்ததும் என்ன மதிப்பு இருந்தது என்று தெரிந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆச்சரியமாக இருக்கும்: பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. குடியரசுத் தலைவருக்கு உடல்நலமில்லை என்றால் துணைத் தலைவர் அந்தப் பணிகளைப் பார்ப்பார் என்று அரசமைப்பின் 65-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆளுநர் பணிக்கு எதிர்பாராத நிலை வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு 160-வது பிரிவு இருக்கிறது. முதல்வருக்கு? எதுவும் இல்லை. 2016-ல் பயன்படுத்தப்பட்ட 166(3), அமைச்சர்களுக்குள் துறைகளைப் பிரித்துக்கொடுக்கும் சாதாரண விதி. முதல்வர் நினைவோடு இருக்கிறாரா, முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா என்று யார் சொல்வது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

கோவாவிலும் இதே கதை. முதல்வர் மனோகர் பாரிக்கர் 2018-ல் அமெரிக்காவுக்குச் சிகிச்சைக்குப் போனபோது மூன்று அமைச்சர்கள் கொண்ட குழுவை நியமித்துவிட்டுப் போனார். அது கணைய புற்றுநோய் என்று சுகாதார அமைச்சர் வெளிப்படையாகச் சொல்ல அக்டோபர் ஆனது. 2019 ஜனவரியில் மூக்கில் குழாயோடு வந்து பட்ஜெட் வாசித்தார். மன உறுதி என்று சொந்தக் கட்சி கொண்டாடியது. அவரை ஓய்வெடுக்க விடாமல் வைத்திருப்பது மனிதத்தன்மையா என்று மற்றவர்கள் கேட்டார்கள். மார்ச் 17-ல் இறந்தார். அவருக்கு அடுத்த முதல்வரும் பதவியேற்றது நள்ளிரவு தாண்டித்தான்.

அமெரிக்காவில் 2021 நவம்பர் 19-ல் அதிபர் பைடனுக்குப் பெருங்குடல் பரிசோதனை. மயக்க மருந்து கொடுக்க வேண்டும். 85 நிமிடத்துக்கு அதிகாரம் கமலா ஹாரிஸிடம் போனது. முடிந்ததும் திரும்பி வந்தது. அதற்கென்றே அங்கே 25-வது சட்டத்திருத்தம் இருக்கிறது. கடிதம் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். (பைடனின் வயதும் உடல்நிலையும் பற்றி அவர் கட்சியினரே பின்னால் எவ்வளவு மறைத்தார்கள் என்பது தனிக் கதை.)

தலைவர்களுக்கும் நோயாளி என்ற உரிமை உண்டே என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மாத்திரை என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லை. கட்டிலில் படுத்திருப்பவரின் போட்டோவும் தேவையில்லை. கருணாநிதி 2016-ல் போட்டோ கேட்டது வேறு எதுவும் கிடைக்காத நிலையில் கேட்டது. ஒரு குடிமகனுக்குத் தெரிய வேண்டியது ரொம்பக் குறைவு: முதல்வரால் முடிவெடுக்க முடிகிறதா, முடியாதென்றால் கோப்பில் கையெழுத்துப் போடுவது யார். முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் திறப்பது பற்றிக் கேரளத்தோடு பேச வேண்டி வந்தால், கம்பத்து விவசாயி யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

2025 ஜூலையில் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நிலைமை 2016-ஐவிட எவ்வளவோ மேல். என்ன அறிகுறி, என்ன பரிசோதனை, எத்தனை நாள் ஓய்வு என்பது அறிக்கைகளில் இருந்தது. முதல்வர் மருத்துவமனையிலிருந்தபடியே காணொலியில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களுக்கு வந்தவர்களோடு பேசினார், அது ஒளிபரப்பானது. எதிர்க்கட்சித் தலைவர் பழனிசாமி உட்பட எல்லோரும் நலம் பெற வாழ்த்தினார்கள். ஆனால் இதெல்லாம் நடந்தது முதல்வர் பேசக்கூடிய நிலையில் இருந்ததால். அவர் பேச முடியாமல் இருந்திருந்தால் அந்த ஆறு நாட்களும் எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை, அரசாணையிலும் இல்லை. சட்டமன்றத்தில் இதற்கொரு விதி வேண்டும் என்று ஆளுங்கட்சியும் கேட்கவில்லை, 2016-ல் அடிபட்ட அ.தி.மு.க.வும் கேட்கவில்லை, பார்க்க விடவில்லை என்று தியானம் இருந்தவரும் கேட்கவில்லை.